தானாக மூடிக்கொள்ளும் கதவு

மகள் ஆக்சிலியாவுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். எட்டு என்பது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை, ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் அரை மணி நேரம்தான், அந்த அரை மணியில் ஜெசிந்தா தபால் ஆபீஸ் கவுண்டரில் பதினைந்து பேருக்காவது பதிவுத் தபால் வாங்கி முத்திரை குத்தி அனுப்பியிருப்பாள், இங்கே தூணில் சாய்ந்து நிற்பதைத் தவிர அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, அந்த வேலையைத்தான் செய்ய முடியவில்லை. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், ஒன்பது வயதில் அப்படி என்ன பாவம் என்று யாரும் கேட்பதில்லை, ஒன்றும் இல்லை என்றால் யோசித்து எழுதிக்கொண்டு வா என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பீடத்துக்கு இடது பக்கம் இருக்கிறது அந்த அறை. போன திருவிழாவுக்குத்தான் கட்டித் திறந்தார்கள், ஏசி போட்டது, உள்ளே இரண்டு நாற்காலியும் சுவரில் ஒரு சிலுவையும், பிள்ளை உள்ளே போனதும் கதவு தானாக மெல்ல வந்து மூடிக்கொள்ளும், குளிர் வெளியே போகக் கூடாது என்று மேலே ஓர் இரும்புக் கை வைத்திருக்கிறார்கள். புஸ் என்று ஒரு சத்தம், கடைசியில் க்ளிக். முன்பெல்லாம் கோயில் நடுவிலேயே மரக்கூண்டு இருந்தது, சாமியார் உள்ளே உட்கார்ந்திருப்பார், ஓட்டை போட்ட பலகைக்கு இந்தப் பக்கம் நாம் முழங்காலில் நிற்போம், முதுகையாவது ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். கூண்டில் செல் அரித்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். கதவு திறந்ததிலிருந்து மூடுவதற்கு ஆறு எண்ணும் நேரம் ஆகிறது, ஜெசிந்தா மூன்று பிள்ளைகளுக்கு எண்ணிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் ஆறுதான்.

அந்தக் கதவு மூடிய பிறகு என் பிள்ளை அதற்குள் இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் அதை யாரிடம், எந்த வாயால் சொல்வது என்பதில்தான். காலையில் எழுந்ததும் இந்தக் கோயில் சாமியார் ஃபாதர் டென்சிலிடம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள், பத்து மணிக்கு, ஃபோனில் சொன்னால் போதும் என்று தோன்றியது, பன்னிரண்டு மணிக்கு, ஆக்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமே என்று வந்தது, அந்தக் காய்ச்சல் நாளைக்குப் புதுநன்மைக்குள் எப்படிச் சரியாகும் என்று பார்த்தால் அதுவும் கிடையாது. இரண்டு மணிக்கு வெள்ளை கவுனை இஸ்திரி போட்டாள். மேசையில் ஆக்சியின் பாவ நோட்டு திறந்து கிடந்தது, பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண் பார்த்துவிட்டது. ஒன்று, தம்பியை அடித்தேன். இரண்டு, பூசையில் பேசினேன். மூன்று, பென்சில் எடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான்கு, அம்மாவிடம் ஒன்றை மறைத்தேன். இஸ்திரிப் பெட்டி கவுனின் மேல் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது, லேஸ் ஓரத்தில் ஒரு விரல் அகலம் மஞ்சளாகிவிட்டது. அம்மாவிடம் ஒன்றை. எதை? எப்போதிலிருந்து? ஆக்சி போன மாதம் பாட்டு வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாளே, வயிற்று வலி என்றாளே, ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம் என்றாளே, அது பல்லி பயம் என்று அல்லவா விட்டுவிட்டேன். குளிக்க வைக்கும்போது மெதுவாகத்தான் கேட்டாள், குரல் மெதுவாக வரவில்லை. "ஏ பிள்ளே, எங்கிட்ட என்னத்த மறைச்ச?" ஆக்சி சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தாள். "எம்மா, பாவத்த வெளிய சொல்லக் கூடாது. சாமிகிட்ட மட்டுந்தான் சொல்லணும். பவுலின் டீச்சர் சொல்லிருக்காங்க." எவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறாள் பிள்ளை. ஜெசிந்தாவும் அப்படித்தான் படித்தாள், ஞானோபதேச வகுப்பில் எப்போதும் அவள்தான் முதல்.

ஏழு. ஒரு பையன் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான், அடுத்தவள் உள்ளே போனாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, க்ளிக். அவள் பிறந்த ஊர்க் கோயிலின் அந்தப் பழைய அறைக்கு இப்படி ஏசியெல்லாம் இல்லை. அது பூசை உடுப்பு மாற்றும் அறை, பீடத்துக்குப் பின்னால், ஆளுயர மர அலமாரி, உள்ளே பச்சை, ஊதா, சிவப்பு, வெள்ளை என்று பூசை உடுப்புகள் தொங்கும், தூபமும் மெழுகும் நாப்தலீன் உருண்டையும் சேர்ந்து ஒரு வாசனை. இன்றைக்கும் யாராவது பட்டுப்புடவை பீரோவைத் திறந்தால் ஜெசிந்தா வெளியே போய்விடுவாள், தலைவலி என்பாள். பதினோரு வயது. பீடத்துப் பூக்களை மாற்றப் போன பிள்ளை. பெரிய சாமி என்றுதான் ஊரில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள், பெயர் தெரியும், இருபத்தேழு வருடமாக அவள் அதை வாயால் சொன்னதில்லை. அவர் செய்தது ஒரு தடவை இல்லை, அந்த நோன்புக் காலம் முழுக்க. அதை நினைக்கும்போது அவளுக்கு அவர் முகம் வருவதில்லை, அலமாரிக் கதவின் பித்தளைக் கைப்பிடிதான் வரும், அதில் முகம் நீளமாகத் தெரியும், தன் முகம்தான் அது என்று தெரிய கொஞ்ச நேரம் ஆகும். அம்மாவிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சாமி என்னைத் தொடுறாங்க, எனக்குப் பிடிக்கல என்று சொன்னாள். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த கையாலேயே வாயில் அடித்தாள். "சாமியாரைப் பத்தி அப்படிப் பேசுன வாய் அழுகிப்போயிரும்." உதட்டில் செதில் ஒட்டிக்கொண்டது. அடித்ததைக்கூட விட்டுவிடலாம், அடிக்காத அம்மா யார். அதற்குப் பிறகு அம்மா செய்ததுதான் இன்று வரை தொண்டையில் நிற்கிறது. கையைக் கழுவி, புடவை மாற்றி, அவளுக்கும் தலை சீவிப் பின்னிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்த மரக்கூண்டின் முன்னால் அவளை முழங்காலில் நிறுத்தினாள். கூண்டுக்குள் அவர்தான் இருந்தார். அந்த ஊருக்கு அவர் ஒருவர்தானே சாமியார்.

அவர் செய்ததை அவள் தன் பாவமாக அவரிடமே சொன்னாள். இதை நினைத்தால் ஜெசிந்தாவுக்குச் சில நேரம் சிரிப்புகூட வரும், அது நல்ல சிரிப்பு இல்லை. என்னை ஆசீர்வதியும் சாமி என்று தொடங்கி, கற்புக்கு விரோதமான பாவம் செய்தேன் என்று புத்தகத்தில் இருந்தபடியே சொன்னாள், எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும் என்பது பாடம், அதையும் சரியாகச் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அவர் பொறுமையாக, ரொம்ப அன்பாக, இது பெரிய பாவம் பிள்ளே, ஆனா ஆண்டவர் மன்னிப்பார், இனி யார்கிட்டயும் இதைச் சொல்லாதே, சொன்னா மன்னிப்பு செல்லாமப் போயிரும் என்றார். அபராதமும் கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐம்பத்து மூன்று மணி செபமாலை, நான் போதும் என்று சொல்லும் வரைக்கும். அந்த மே மாதமே அவருக்கு வேறு ஊர்ப் பங்குக்கோயிலுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஊரே அழுதது, பொன்னாடை போட்டார்கள், ஞானோபதேசத்தில் முதல் என்று பூச்செண்டு கொடுக்க ஜெசிந்தாவைத்தான் மேடையில் ஏற்றினார்கள். செண்டை நீட்டும்போது அவள் மனதில் இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்று, இப்போதாவது போதும் என்று சொல்வார். அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். போதும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் அபராதம் தீராது, தீராத அபராதத்தோடு செத்தால் எங்கே போவோம் என்பதும் பாடத்தில் இருந்தது.

அதனால் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில், காலேஜ் பஸ்ஸில், தபால் ஆபீஸில் கவுண்டர் மூடும் நேரத்தில் மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, பிரசவ வார்டில் வலி விட்டு விட்டு வந்தபோதும். ஐந்து மணி ஆனால் விரல் தானாக மணியைத் தேடும். கல்யாணத்தன்று சாயங்காலம் வரவேற்பில் மாலையோடு நின்றபடியே உதட்டை அசைக்காமல் சொல்லி முடித்தாள். அன்றைக்குத்தான் அம்மா அவள் காதில், "இனி எல்லாம் சரியாயிரும்ட்டி" என்றாள். எல்லாம் என்றால் எது எல்லாம்? அப்படியென்றால் அன்று நான் சொன்னதை நீ நம்பியிருக்கிறாய், நம்பிக்கொண்டேதான் கூட்டிப் போய் முழங்காலில் நிறுத்தியிருக்கிறாய். கேட்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இனி கேட்கவும் முடியாது. புருஷன் லூசியான் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன், நல்ல மனுஷன், அவனுக்கு இதில் ஒரு எழுத்து தெரியாது, "என் வீட்டுக்காரி செபமாலைய விடவே மாட்டா" என்று சிநேகிதர்களிடம் பெருமை அடிப்பான். கோயில் பங்கில் அவளைப் பக்திசாலி என்று சொல்கிறார்கள், மாதா சபைக்குத் தலைவியாக இருக்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் போனாள், முதல் இரண்டு தடவை ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தாள், மூன்றாவது தடவை வாய் தவறினாற்போல எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கமேல தப்பே இல்லம்மா என்றார். ஜெசிந்தாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. இருபத்தேழு வருடம் உருட்டியவளிடம் இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஆயிற்றா, அப்படியானால் இத்தனை வருடம் நான் உருட்டியது என்ன கணக்கு? அன்றும் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் நின்று உருட்டினாள். ஆனால் அந்த மாதம் நான்கு நாள் தூங்கினாள், அதையும் சொல்ல வேண்டும்.

மூன்று. எப்போது மூன்று ஆனது? ஆக்சி வரிசையில் இருந்து திரும்பி அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள், மஞ்சளான லேஸ் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்திருந்தது இங்கிருந்து தெரியவில்லை. ஆக்சிக்கு முன்னால் நின்ற பையன் தன் தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான், இந்தப் பிள்ளைகளுக்கு முணுமுணுப்பும் சத்தமாகத்தான் வரும். "பூசையில் பேசினேன். அம்மாவிடம் ஒன்றை மறைத்தேன். வீட்டுப்பாடம்..." ஜெசிந்தா தூணைவிட்டு நகர்ந்தாள். வகுப்புப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு நின்ற பவுலின் டீச்சரிடம் போனாள். டீச்சர் ஐம்பது வயதுக்காரி, கையில் பெயர்ப்பட்டியலும் அடிக்குச்சி மாதிரி ஒரு பேனாவும் எப்போதும் இருக்கும். "டீச்சர், எல்லாப் பிள்ளையும் ஒரே பாவமா எழுதியிருக்கே?" பவுலின் டீச்சர் சிரித்தாள். "பின்ன என்ன செய்ய ஜெசிந்தா, கேட்டா பாவமே இல்லங்குதுவ. நாந்தான் போர்டுல பத்துப் பாவம் எழுதிப் போட்டு, பொருத்தமானத எடுத்துக்கிடுங்கன்னேன்." அட கடவுளே. அவ்வளவுதானா. சந்தோஷத்தில் டீச்சரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது, என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, போர்டில் இருந்ததை எழுதியிருக்கிறாள், பல்லி பயம் பல்லி பயம்தான். அந்தச் சந்தோஷம் தூணுக்குத் திரும்பி வரும் வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்படியென்றால் இங்கே நிற்கிற இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும், அம்மாவிடம் மறைத்ததை அம்மாவிடம் சொல்லாதே, மூடின அறைக்குள் இருக்கிற ஆளிடம் மட்டும் போய்ச் சொல் என்று யாரோ உட்கார்ந்து படித்துக் கொடுத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணமே இல்லாமல், கையெழுத்து அழகாக, போர்டில் எழுதி.

இரண்டு. ஃபாதர் டென்சில் நல்லவர். முப்பது வயதுதான் இருக்கும், கிட்டார் வாசிப்பார், பிள்ளைகளோடு பந்து விளையாடுவார், போன மழைக்கு வீடு இடிந்தவர்களைக் கோயில் மண்டபத்தில் தங்க வைத்து அவரே சோறு பரிமாறினார். நல்லவர்தான். பெரிய சாமியும் நல்லவர்தான், அவர்தான் அந்த ஊருக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தார், அவர் படம் இன்றும் பள்ளிக்கூடத்தில் தொங்குகிறது. நல்லவரா கெட்டவரா என்று இங்கே நின்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது, நெற்றியிலா எழுதியிருக்கும்? ஒருவேளை இந்தச் சின்னச் சாமியார் ஒரு பாவமும் அறியாதவராக இருந்தால் எவ்வளவு பெரிய அவமானம் அவருக்கு. ஜெசிந்தா, உனக்குப் பைத்தியம் என்பார்கள். பக்திசாலி என்ற பெயர் ஒரு நாளில் போகும், லூசியானிடம் போய்ச் சொல்வார்கள், லூசியான் என்னவென்று கேட்பான், கேட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் என்ன ஆகும்? அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாக. அம்மாவும் அநேகமாக அப்படித்தான் நினைத்திருப்பாள், மீன் கையைக் கழுவும்போது. முன்னால் நின்ற பையன் உள்ளே போனான், கதவு ஆறு எண்ணியது. ஆக்சி மட்டும் கதவுக்கு முன்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் கழுத்து எவ்வளவு மெலிசு, பின்னல் இரண்டையும் குளிக்க வைத்துப் பின்னிவிட்டது இந்தக் கைதான். இந்தக் கைதானே பின்னிவிட்டு இங்கே கூட்டிக்கொண்டு வந்தது. கோபுரத்து மணி ஐந்து அடித்தது, விரல் பையைத் துழாவி மாலையை எடுத்துவிட்டது, உதடு தொடங்கிவிட்டது, அவளைக் கேட்காமலே. முதல் மணி. இரண்டாவது. பையன் வெளியே வந்தான். மூன்றாவது, நான்காவது. ஆக்சி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தாவது மணி, கதவு திரும்பத் தொடங்கியது. ஆறாவது மணி, ஆக்சியின் வெள்ளை முதுகு பாதியாகக் குறைந்தது. ஏழாவது மணியை விரல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா நடந்துகொண்டிருந்தாள், எப்போது தூணை விட்டாள் என்று பிறகு யோசித்தும் நினைவு வரவில்லை, வழியில் பாட்டுக்காரர்களின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்ததும் அது தரையில் கிறீச்சிட்டதும்தான் நினைவு. க்ளிக் என்பதற்கு ஒரு கை அகலம் இருக்கும்போது நாற்காலியின் காலை இடையில் செருகினாள். கதவு அதில் வந்து இடித்து, புஸ் என்று மூச்சுவிட்டு நின்றது. அவள் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அந்த நாற்காலியில், நிலைப்படியிலேயே, உட்கார்ந்துவிட்டாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பவுலின் டீச்சர் பெயர்ப்பட்டியலோடு ஓடிவந்தாள். "ஏ ஜெசிந்தா, என்ன பண்ணுத? எந்திரி. பிள்ள பாவசங்கீர்த்தனம் செய்யுது, அடுத்தவங்க காதுல விழக் கூடாது."

"காதப் பொத்திக்கிடுதேன் டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. "கண்ண மூட மாட்டேன்."

உள்ளே ஃபாதர் டென்சில் பாதி எழுந்திருந்தார், கழுத்தில் ஊதாப் பட்டை ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. "என்னம்மா, ஏதும் பிரச்சனையா?" என்றார். ஆக்சி அம்மாவையும் சாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெசிந்தாவுக்கு நாப்தலீன் வாசனை இல்லாத அறையில் அந்த வாசனை வந்தது, ஆனாலும் சொன்னாள், தபால் ஆபீஸில் முகவரி கேட்கிற குரலில்தான் சொல்ல வந்தது. "உங்கமேல ஒண்ணும் இல்ல ஃபாதர். எனக்குப் பதினோரு வயசுல இதே மாதிரி ஒரு ரூம்ல நடந்துச்சு. ஃபாதர் ஹென்றிக் மாசிலாமணி. அன்னிக்குக் கதவு மூடியிருந்துச்சு. அதனால என் பிள்ள இருக்கும்போது தொறந்துதான் இருக்கும்." இருபத்தேழு வருடம் கழித்து அந்தப் பெயர் வாயிலிருந்து வந்து எல்லோருக்கும் நடுவில் விழுந்தது. வாய் அழுகவில்லை. பவுலின் டீச்சர் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள். ஃபாதர் டென்சில் கழுத்துப் பட்டையை நேராக்கினார். பிறகு ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்துவிட்டு, தன் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்லவர் என்று அதனால் முடிவாகிவிடாது, ஆனால் அதைச் செய்தார்.

காதைப் பொத்த இரண்டு கையும் வேண்டும். வலது கையில் மாலை இருந்தது, ஏழாவது மணியில் விரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அதை நாற்காலிக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு இரண்டு காதையும் இறுக்கப் பொத்திக்கொண்டாள். உள்ளே தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல்தான் கேட்டது. ஆக்சியின் வாய் அசைந்தது, நோட்டைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணினாள், ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாமியார் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் வந்து மறைத்தது, அதைத் துடைக்கக் கை இல்லை, இமைத்து இமைத்துத்தான் பார்த்தாள், மூடவில்லை. நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

ஆக்சி வெளியே வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, கேட்டியா?"

"இல்ல பிள்ளே."

"எனக்கு மூணு அருள் நிறைந்த மரியேதான் அபராதம். முன்னால போன ரூபனுக்கு அஞ்சு." பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றாள், கண்ணை இறுக்கிக்கொண்டாள், வாய் படபடவென்று அசைந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "சொல்லி முடிச்சிட்டேன்."

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா. சொன்னா முடிஞ்சிரும்லா."

ஜெசிந்தா நாற்காலியைவிட்டு எழுந்தாள். கதவு மூட வருவதற்குள், வரிசையில் அடுத்து நின்ற பெண்பிள்ளையின் அம்மா வந்து அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோனாள். ஆக்சி குனிந்து பார்த்தாள். "எம்மா, உன் செபமாலை கீழ கெடக்கு."

"கெடக்கட்டும்," என்றாள் ஜெசிந்தா. "வா, வீட்டுக்குப் போவோம். அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்."